கடைசி ஓர் இடம்

என் மனைவி ஜனெல் வேலையை விட்ட அன்று அலுவலகத்தில் அவளுக்காகப் பெரிய சாக்லெட் கேக் ஒன்று வெட்டினார்கள். அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் இருந்தவள். வாடிக்கையாளர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதுவது, வருஷக் காலண்டர் அச்சடிப்பது, கோடைத் திருவிழா ஊர்வலத்துக்கு அலுவலக வண்டியை ஜோடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. நான் அவளை அழைத்துவரப் போனபோது எல்லோரும் காபி குடித்து முடித்திருந்தார்கள். கேக்கின் கடைசித் துண்டு வழக்கம்போலப் பாதியாகி, கால்வாசியாகி, கட்டைவிரல் அகலத்துக்குத் தட்டின் ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. முதலாளி வேய்ன் ஸ்ட்ராண்ட் எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

"நாற்காலி அப்படியேதான் இருக்கும், ஜனெல்," என்றார். "ஈஸ்டர் வரைக்கும் யாரையும் உட்கார வைக்கப் போறதில்ல. அவசரமே இல்ல."

நல்ல மனசோடுதான் சொன்னார். அமெரிக்காவின் வடக்கே எங்கள் மினசோட்டாவில் எல்லோரும் எதையும் நல்ல மனசோடுதான் சொல்வார்கள். அதில்தான் நமக்கு வயிறு எரியும். நீ தோற்றுத் திரும்பி வருவாய், அப்போது நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்பதை எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வது. போதாக்குறைக்கு ஜனெல் தன் பச்சை ஸ்வெட்டரை அந்த நாற்காலியின் முதுகிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டாள். திரும்பிப் போய் எடுத்தால் வேய்ன் மனசு நோகுமோ என்று அதை அங்கேயே விட்டுவிட்டாள்.

அவள் தொடங்கியது சொந்தமாக விளம்பர வேலை. எங்கள் வட்டாரத்தில் கடை வைத்திருப்பவர்கள், சின்னச் சின்னத் தொழில் செய்பவர்கள், இவர்கள் எல்லோருக்கும் சரக்கு நன்றாக இருக்கும். அதை வெளியே சொல்ல மட்டும் கூச்சமாக இருக்கும். அவர்களுக்காக அதைச் சொல்வதுதான் ஜனெலின் தொழில். ஐந்தாறு பேர் மாதாமாதம் நிலையாக வேலை கொடுத்தால் போதும், அந்த நாற்காலிக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஈஸ்டருக்குள் அது நடக்க வேண்டும். அக்டோபரில் அவள் கையில் இருந்தது ஒரே ஒரு வாடிக்கை, தூண்டில் இரை விற்கும் கடை. அது என் தங்கை கடை. அதைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று எங்களுக்குள்ளேயே தகராறு.

ஆள் பிடிப்பதற்கு அவளிடம் இருந்த ஒரே கருவி இணையத்தில் ஒரு பக்கம். லேண்டிங் பேஜ் என்பார்கள். யாராவது அவள் பெயரைத் தட்டினால் அங்கேதான் வந்து இறங்குவார்கள். பிடித்திருந்தால் அடியில் இருக்கும் பொத்தானை அமுக்கிப் பேச நேரம் கேட்பார்கள். முதலில் அவளே எழுதிய பக்கம் சாதாரணமாக இருந்தது. மேலே அவளும் எங்கள் நாய் கஸ்ஸும் உறைந்த ஏரிமேல் நிற்கிற படம். கீழே, "வணக்கம், நான் ஜனெல். உங்கள் கடையைப் பற்றி நாலு பேருக்குச் சொல்ல உதவுகிறேன்" என்று ஒரு வரி. அதற்கும் கீழே டுவேன் ஹாகன் எழுதிக் கொடுத்த சான்று. டுவேன் கோடையில் ஏரிக்கரை வீடுகளுக்குப் படகைக் கட்டிவைக்கும் மேடை போட்டுக் கொடுப்பார், குளிர் வந்தால் கழற்றி வைப்பார். முன்பு ஒரு தடவை ஜனெல் அவருக்குச் சும்மா ஒரு நோட்டீஸ் போட்டுக் கொடுத்திருந்தாள். அதைப் பற்றி அவர் எழுதியது இவ்வளவுதான்: "பரவாயில்லை. குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை."

எங்கள் பக்கத்தில் கல்லறைக் கல்லில்கூட இவ்வளவு பெரிய பாராட்டு வராது. ஜனெல் அதைப் படித்துவிட்டு வெட்கப்பட்டு, போடலாமா என்று இரண்டு நாள் யோசித்துத்தான் போட்டாள்.

அந்தப் பக்கத்தை வைத்துக் கிறிஸ்துமஸுக்குள் இரண்டு பேர் வந்தார்கள், ஒரு மாட்டு வைத்தியரும் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறை கட்டும் ஒருவரும். அப்படியே விட்டிருந்தால் ஈஸ்டருக்குள் மெல்ல மெல்ல நாலைந்து பேர் சேர்ந்திருப்பார்கள். ஆனால் பயம் வந்த மனசு சும்மா இருக்குமா. அவள் அரிசோனாவில் இருக்கும் பிரெட் காலவே என்பவனின் இணைய வகுப்பில் சேர்ந்தாள். வாராவாரம் அவன் கணினித் திரையில் வந்து, ஒவ்வொருவர் பக்கத்தையும் திறந்து வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் கிழிப்பான். அவன் முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு நீச்சல் குளம் தெரியும். எங்கள் வீட்டு ஜன்னலில் பனி முட்டிக்கொண்டு நிற்கும்போது அந்தக் குளத்தைப் பார்ப்பதற்கே எனக்கு எரிச்சலாக வரும்.

"ஜனெல், உங்க பக்கத்துல ஒரு நாய் நிக்குது," என்றான் முதல் நாள். "நாய் எதுக்கு?"

"அது எங்க வீட்டு நாய்."

"புரியுது. பார்க்குறவன் நாயைப் பார்ப்பானா, உங்களைப் பார்ப்பானா? நாயைத் தூக்குங்க. கையைக் கட்டிக்கிட்டு, ஜெயிச்ச ஆள் மாதிரி ஒரு படம். அப்புறம் இது யாரு, டுவேன்? இவர் உங்க எதிரியா?"

"இல்லையே. ரொம்ப வேண்டியவர்."

"வேண்டியவரா? 'குறை சொல்ல ஒண்ணும் இல்லை'ன்னு எழுதியிருக்காரே. அப்போ குறையைத் தேடிப் பார்த்திருக்கார்னு ஆகுதே. எடுத்துடுங்க அதை."

டுவேனை எடுத்த அன்று ஜனெலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரில் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கவலை. ஆனாலும் எடுத்தாள். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படத்தை நான்தான் எடுத்தேன். பதினேழு தடவை எடுத்தும் ஜெயித்த ஆள்போல வரவில்லை, யாரோ தாமதமாக வந்ததற்குக் கோபித்துக்கொண்டு நிற்பவள்போலத்தான் வந்தது. தலைப்பு "உங்கள் தொழில் தூங்குகிறதா?" என்று மாறியது. பொத்தான் பச்சையிலிருந்து ஆரஞ்சாக மாறியது. இதெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் உண்மையில் பார்க்கப் பகட்டாக இருந்தது. என் பெண்டாட்டி பெரிய ஆளாகிவிட்டாள் என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை.

மூன்றாவது வாரம் அவன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"எல்லாம் இருக்கு, ஜனெல். அவசரம் மட்டும் இல்ல. சரக்கு எப்பவும் கிடைக்கும்னா எவன் இன்னைக்கு வாங்குவான்? இந்த மாசம் மூணு இடம்தான் பாக்கின்னு போடுங்க. சிவப்புல."

"ஆனா எனக்கு நிறைய இடம் இருக்கே, பிரெட். எல்லாமே காலிதான்."

"அது அவங்களுக்குத் தெரியணுமா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சோபாவில் படுத்துக்கொண்டு ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிற பழக்கம் எங்கள் இருவருக்கும் கிடையாது. ஆனால் மூன்று இடம் இருக்கிறது என்பது பொய்யில்லையே, மூன்றும் இருக்கின்றன, அதற்கு மேலும் இருக்கின்றன என்று நான் சமாதானம் சொன்னேன். இப்படி ஒரு நியாயத்தை நான் தேவாலயத்தில் சொல்லியிருந்தால் பாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்திருப்பார்.

மூன்று என்று போட்டாள். அந்த மாதம் ஒருவரும் வரவில்லை.

கொடுமை என்னவென்றால், வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்கு அந்தக் கணினி சொல்லிவிடும். முன்பைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். வந்து, படித்து, அடிவரை உருட்டிப் பார்த்து, பொத்தானுக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஒன்றும் செய்யாமல் போயிருந்தார்கள். பெரும்பாலும் எங்கள் வட்டாரத்து ஆட்கள்தான். தினம் காலையில் அதைப் பார்த்துவிட்டு ஜனெல் காபியை ஆற விடுவாள்.

"வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறாங்க, ராய்ஸ்," என்றாள் ஒரு நாள். "தெரியாதவங்கன்னா பரவாயில்ல. இவங்களுக்கு என்னைத் தெரியும். தெரிஞ்சுதான் வேணாம்னு போறாங்க."

பிரெட்டிடம் அதற்கும் பதில் இருந்தது. மூன்று என்பது இன்னும் தாராளமாக இருக்கிறது, இரண்டாக்குங்கள் என்றான். இரண்டாக்கினாள். வந்து பார்ப்பவர்கள் இன்னும் கூடினார்கள். பொத்தானை ஒருவரும் தொடவில்லை. அப்படியானால் ஒன்று, என்றான் பிரெட். கடைசி ஓர் இடம் என்று பார்த்தால் மனுஷன் அடித்துப் பிடித்துக்கொண்டு வருவான், இது மனித இயல்பு, இதற்கு ஆராய்ச்சியெல்லாம் இருக்கிறது. எனக்கும் சரி என்றுதான் பட்டது. மார்ச் மாதத் தொடக்கத்தில், பக்கத்தின் தலையில், சிவப்புக் கட்டத்துக்குள், கண் சிமிட்டுகிற எழுத்தில் போட்டாள்: "கடைசி ஓர் இடம் மட்டுமே."

நான் கேஸ் லாரி ஓட்டுகிறவன். ஏரியைச் சுற்றியுள்ள வீடுகளில், கடைகளில், பண்ணைகளில் கொல்லைப்புற டேங்கை நிரப்பிவிட்டு வருவேன். அந்த மாதம் போன இடத்திலெல்லாம் ஜனெலைப் பற்றித்தான் பேச்சு. போர்வைத் துணிக்கடை லவான் வாசலில் நின்று கையசைத்தாள்.

"ஜனெலுக்கு ஒரே ஓர் இடம்தான் பாக்கியாமே. பார்த்தேன். ரொம்ப சந்தோஷம்ப்பா."

"ஆமா, லவான்."

"உழைச்சா இப்படித்தான் வரும். ரொம்ப அலுத்துப் போகாம பார்த்துக்கச் சொல்லு, என்ன?"

"சொல்றேன்."

டுவேன் தன் பட்டறை வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். தன் சான்றை ஜனெல் எடுத்துவிட்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதிலேயே அவர் அதைக் கவனித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"பக்கம் நல்லா இருக்கு," என்றார். "பளபளன்னு."

"நீங்க ஒரு நடை அவளைப் பார்த்துப் பேசலாமே, டுவேன். ஐஸ் உருகினா உங்க சீசன் வந்துடும்."

"நினைச்சேன் நினைச்சேன்." மண்வாரியை ஊன்றிக்கொண்டு ஏரிப் பக்கம் பார்த்தார். "ஒரு இடம்தானே இருக்கு. யாராவது தேவைப்படுறவங்க எடுத்துக்கட்டும்."

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு லாரியைக் கிளப்பினேன்.

சரிதான் என்று சொன்னேன். அந்த வாக்கியத்தில் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், என் அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்து, டுவேன் பக்கத்தைப் பாராட்டினார் என்று மட்டும் ஜனெலிடம் சொன்னேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"பாராட்டுறதுக்கு எல்லாரும் இருக்காங்க," என்றாள். நான் பாத்திரம் கழுவினேன்.

ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை வந்தது. தவக்காலத்தில் புதன்தோறும் எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சூப்பும் ரொட்டியும் கொடுப்பார்கள், பிறகு மேலே ஆராதனை. அது கடைசிப் புதன். கிளம்பும்போது ஜனெல் கண்ணாடி முன் நின்று சொன்னாள்.

"வேய்ன் அங்க இருப்பார். இன்னைக்கே சொல்லிடறேன், திங்கக்கிழமை வர்றேன்னு."

"இன்னும் நாள் இருக்கே."

"நாள் இருந்து என்ன பண்ண? இந்த ஊருக்கு நான் வேணாம். வேணும்னு சொன்னது அந்த ஒரு நாற்காலிதான்." குரல் உடைந்தது. "அந்த ஸ்வெட்டர்கூட அங்கதான் இருக்கு."

அந்த ஊரையே எனக்குப் பிடிக்காமல் போன சாயங்காலம் அது. வண்டியில் போகும்போது ஒவ்வொரு வீட்டு விளக்கையும் பார்த்து மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பட்டமளிப்புக்கெல்லாம் அட்டை எழுதிக் கொடுத்தவள் இவள், உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கிறதா என்று.

கீழ்த்தளத்தில் எல்லோரும் இருந்தார்கள். வேய்ன், லவான், டுவேன், மாட்டு வைத்தியர், இன்னும் ஒரு நாற்பது பேர். பட்டாணி சூப் முடிந்து, காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் எலுமிச்சைக் கேக் தட்டு வந்தது, சதுரம் சதுரமாக வெட்டி. ஜனெல் வேய்னைத் தேடிக்கொண்டு அங்கே போனாள். நான் பின்னால் போனேன். வேய்ன் தட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு துண்டு பாக்கி. அவர் கத்தியால் அதைப் பாதியாக நறுக்கி, பாதியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். லவான் வந்து அந்தப் பாதியைப் பாதியாக்கினாள். டுவேன் அதில் பாதி எடுத்தார். ஜனெல் கத்தியை வாங்கி, மிச்சமிருந்த விரல் நகத்தளவு துண்டை இரண்டாக வெட்டினாள்.

வெட்டிவிட்டு அப்படியே நின்றாள். கத்தி கையிலேயே இருந்தது.

"ராய்ஸ்," என்றாள் மெதுவாக, "இந்தத் தட்டுல மத்த துண்டெல்லாம் போக எவ்வளவு நேரம் ஆச்சு?"

"என்ன, ஒரு அஞ்சு நிமிஷம்."

"இந்த ஒண்ணு ஏன் போகல?"

"கடைசித் துண்டும்மா," என்றேன். இதெல்லாம் ஒரு கேள்வியா என்ற மாதிரித்தான் சொன்னேன்.

அவள் திரும்பினாள். "லவான், இதை ஏன் நீங்க முழுசா எடுக்கல?"

எங்கள் ஊரில் ஒரு மனுஷியிடம் இப்படி நேருக்கு நேர் கேட்பது கிட்டத்தட்ட அறைவதற்குச் சமம். லவான் முகம் சிவந்துபோனது.

"யாருக்காவது வேணும்னு இருக்கும்ல."

"யாருக்கு?"

லவான் சுற்றும் முற்றும் பார்த்தாள். எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"என் பக்கத்துல ஒரு இடம் பாக்கின்னு போட்டிருந்தேனே," என்றாள் ஜனெல். "பார்த்தீங்களே. அதை ஏன் எடுக்கல?"

"அதெப்படி எடுப்பேன்? கடைசி இடம்னு போட்டிருக்க. டுவேனுக்கு சீசன் வருதே, அவருக்கு விட்டேன்."

"எனக்கா?" டுவேன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் உனக்குன்னு விட்டேன். துணிக்கடையில கூட்டம் குறைஞ்சு போச்சுன்னு சொன்னியே."

"நான் ரெண்டு இருந்தப்பவே பார்த்தேன்," என்றது பின் வரிசையில் ஒரு குரல், வேலி போடுகிற கார்ல். "ரெண்டுல ஒண்ணை எடுத்தா அடுத்தவனுக்கு ஒண்ணுதான் இருக்கும். அவனுக்குச் சங்கடம்."

"மூணு இருந்தப்ப நான் போன் எடுத்துட்டேன்," என்றாள் மேப்பிள் மரப் பாகு காய்ச்சும் டெப்ரா. "அப்புறம், உனக்கே இவ்வளவு வேலை, நான் வேற எதுக்குத் தொல்லை குடுக்கணும்னு வெச்சுட்டேன்."

ஜனெல் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, எங்கள் லுத்தரன் சபையார் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, மிச்சமிருந்த இரண்டு துணுக்குகளையும் விரலால் எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள். தட்டு சுத்தமாகக் காலி. அந்தக் கீழ்த்தளத்தில் ஒரு தட்டு காலியானதை நான் அன்றுதான் பார்த்தேன். யாரோ இருமினார்கள். பாஸ்டர், மேலே போகலாமா என்றார்.

"என்கிட்ட ஏதோ பேச வந்த மாதிரி இருந்துதே, ஜனெல்," என்றார் வேய்ன் படிக்கட்டில்.

"காபி நல்லா இருந்துது, வேய்ன்," என்றாள்.

வண்டியில் ஏறியதும் அழுதாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததால் மூக்கைச் சிந்தக்கூட முடியவில்லை. "எல்லாருக்கும் வேணும்னுதான் இருந்திருக்கு," என்றாள். "ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக் குடுத்து விட்டுக் குடுத்தே என்னைக் கொன்னுருப்பாங்க." எனக்கும் கண் கலங்கியது. சற்று முன்பு திட்டிய அத்தனை விளக்குகளையும் திரும்பிப் போகும்போது ஒவ்வொன்றாக மன்னித்துக்கொண்டே ஓட்டினேன். டுவேன் சொன்னதை நான் அவளிடம் முழுசாகச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். ஒன்றும் ஆகியிருக்காது. அவளும் சரிதான் என்றுதான் சொல்லியிருப்பாள்.

மறுநாள் காலை கணினி முன் உட்கார்ந்தாள். சிவப்புக் கட்டம் போனது. கையைக் கட்டிய படம் போனது. கஸ் திரும்பி வந்தான். டுவேனின் "பரவாயில்லை" திரும்பி வந்தது, முன்பைவிடப் பெரிய எழுத்தில். தலைப்புக்காக அவள் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை, எங்கள் ஊரில் விருந்தாளியைச் சாப்பிட வைக்க வேண்டுமானால் வீட்டுக்காரி என்ன சொல்வாளோ அதையே போட்டாள்: "இடம் நிறைய இருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டால் வீணாகத்தான் போகும்."

மத்தியானம் லவான் கூப்பிட்டாள். நான் சாப்பிட வந்திருந்தேன், பக்கத்திலேயே இருந்தேன்.

"வீணாப் போகும்னு போட்டிருக்கியே, நிஜமாவா?"

"நிஜம்தான், லவான். மலை மாதிரி கிடக்கு."

"அடக் கடவுளே. சரி, அப்படின்னா எனக்குக் கொஞ்சம் வெச்சிடு. வீணாக்கக் கூடாது."

சனிக்கிழமைக்குள் டுவேன், கார்ல், டெப்ரா, பல் மருத்துவர், படகு வாடகைக்கு விடுகிற அண்ணன் தம்பி இருவர். எல்லோரும் ஏதோ அவளுக்கு உதவி செய்வதுபோல, மிச்சச் சாப்பாட்டைக் காலி செய்து கொடுக்க வந்தவர்கள்போல வந்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் வேய்னிடம் போய், நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். அவர் தலையாட்டினார். ஆனாலும் உடனே யாரையும் உட்கார வைக்கவில்லை என்று கேள்விப்பட்டோம்.

நடந்ததை அவள் பிரெட்டுக்கு எழுதினாள். இது எல்லா விதிக்கும் எதிரானது என்று பதில் வந்தது. இரண்டு வாரம் கழித்து அவனிடமிருந்து இன்னொன்று வந்தது, எல்லோருக்குமாக அனுப்பியது: புதிய வகுப்பு, தாராள மனசால் வாடிக்கையாளரை வெல்வது எப்படி, வெறும் நான்கே இடங்கள் பாக்கி.

"சேரப் போறியா?" என்று கேட்டேன்.

"நாலு இடம்தானே இருக்கு," என்றாள். "யாராவது தேவைப்படுறவங்க எடுத்துக்கட்டும்."

ஜூன் மாதத்துக்குள் அவளுக்கு நிற்க நேரமில்லை. திங்கள் முதல் வியாழன் வரை நிரம்பிவிட்டது, வெள்ளி காலையும் போய்விட்டது. பக்கத்தில் மட்டும் இன்னும் நிறைய இடம் இருந்தது.

"அதை மாத்திடு," என்றேன். "இப்ப நிஜமாவே ஒரு இடம்தான் பாக்கி. காலியா இருந்தப்ப நிரம்பிடுச்சுன்னு சொன்ன, நிரம்பினப்புறம் காலின்னு சொல்ற."

"உண்மையைப் போட்டா ஒருத்தரும் வர மாட்டாங்க, ராய்ஸ்."

அந்த வெள்ளி மத்தியானத்தைத் தேன் விற்கிற ஒருவர் கேட்டார். மிச்சம் அவ்வளவுதான் என்று இவள் குரலிலிருந்தே கண்டுபிடித்து, பாதி போதும் என்றார். மிச்சப் பாதியில் பாதியைப் பியானோ சொல்லிக் கொடுக்கும் ஒரு பெண் எடுத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் மிஞ்சியது.

ஒரு சாயங்காலம் வேய்ன் ஸ்ட்ராண்ட் வந்தார். கையில் ஒரு காகிதப் பை. உள்ளே வரச் சொன்னோம், பரவாயில்லை என்றார். மறுபடி சொன்னோம், தொல்லை எதற்கு என்றார். மூன்றாவது தடவை சொன்னதும் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து பச்சை ஸ்வெட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார், துவைத்து, அழகாக மடித்து.

"ஒரு பொண்ணைப் போட்டாச்சு," என்றார். "கெட்டிக்காரி. நாற்காலிக்கு ஸ்வெட்டர் இடைஞ்சலா இருந்துது."

"தேங்க்ஸ், வேய்ன்." ஜனெல் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதன் பொத்தானை நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஆனா அவளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுத வரல. போன வாரம் ஒருத்தருக்கு, செத்து ரெண்டு வருஷம் ஆனவருக்கு, அனுப்பிட்டா." அவர் காபியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உன் பக்கத்தைப் பார்த்தேன். உன்கிட்ட இடம் நிறைய இருக்காமே."

"நிறைய இருக்கு," என்றாள் என் மனைவி, அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க எடுத்துக்கலன்னா வீணாத்தான் போகும்."

வேய்ன் அவளை ஒரு நொடி பார்த்தார். பதினெட்டு வருஷம் அவளோடு வேலை செய்தவர்.

"பாதி போதும்," என்றார்.

அவர் போன பிறகு ஜனெல் தன் வேலை நேரங்களைக் குறித்துவைக்கும் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். அந்த வருஷம் அவருடைய அலுவலகம் அச்சடித்ததுதான். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு மேல் அரை மணி நேரம் இன்னும் காலியாக இருந்தது.